ஆமை கேட்ட வகுப்பில் கப்பி மீன் வளர்ந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள ஒரு பாடசாலையின் தரம் 4 வகுப்பு அது. முப்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். அரைச்சுவர் வைத்த வகுப்பறை, சீற் கூரை, ஒரு பக்கம் வேம்பு, மறுபக்கம் பாடசாலைக் கிணறு. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் விலங்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, "எங்கட வகுப்பிலயும் ஒண்டு வளப்பம் ரீச்சர்" என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வகுப்பாசிரியை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வளக்கலாம். என்னத்தை வளக்கிறது எண்டதை நீங்களே ஆராய்ஞ்சு சொல்லுங்கோ" என்று விட்டுவிட்டார். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு உதவி செய்பவன் என்ற முறையில் அந்த வகுப்புக்கு அடிக்கடி போய்வந்தேன். அங்கே நடந்ததைப் பதிவுசெய்வது மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நமது பாடசாலைகளில் பெரும்பாலும் பிராணிதான் முதலில் வந்துசேரும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை ஒரு பிள்ளை கொண்டுவரும். வீட்டில் பெருகிப்போன முயலை ஒரு பெற்றோர் அன்பளிப்பாகத் தருவார். அதன்பிறகுதான் கூடு, தீனி, லீவு நாள் எல்லாம் யோசிக்கப்படும். இந்த வகுப்பில் ஒழுங்கு மாறியிருந்தது. முதலில் இடத்தைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், வெயிலைப் பார்த்தார்கள், சனி ஞாயிறைப் பார்த்தார்கள். பிராணி கடைசியாகத்தான் வந்தது. இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

கரும்பலகையில் எழுதிய பட்டியல்

ஆமை, முயல், கிளி, அணில், நாய்க்குட்டி, கோழிக்குஞ்சு, மீன். மீன் என்று சொன்னது ஒரேயொரு பிள்ளை. ஆமைக்குத்தான் கூடுதலான கைகள் உயர்ந்தன. ஆசிரியை ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். பாடசாலை இல்லாத நாளில் யார் பார்ப்பது? மத்தியான வெக்கையைத் தாங்குமா? கையில் தூக்கினால் ஆபத்து எங்களுக்கா, அதற்கா?

ஆமை என்றதும் பிள்ளைகள் மனதில் இருந்தது நட்சத்திர ஆமை. ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும் அந்த ஆமை இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட பகுதிகளில் வாழ்வது. அழகே அதற்கு வினையாகிவிட்டது. கடல்வழியாகவும் ஆகாய வழியாகவும் கடத்தப்படுவதால், 2019இல் அதை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் சாசனத்தின் முதலாம் பட்டியலுக்கு ஏற்றினார்கள். அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே முடியாது. இலங்கையிலும் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, வீட்டிலோ வகுப்பிலோ வைத்திருப்பது குற்றம். இதைக் கேட்டதும் ஒரு பையன், "அப்ப கடையில விக்கிற பச்சை ஆமை?" என்று சரியாகப் பிடித்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள அந்த நீராமை அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. வாங்கும்போது தீப்பெட்டி அளவு, வளர்ந்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவு, இருபது முப்பது வருடம் உயிர்வாழும். தரம் 4இல் வாங்கிய ஆமை, அந்தப் பிள்ளை கல்யாணம் முடித்த பிறகும் இருக்கும். அதைவிட முக்கியம், ஆமைகளின் உடலில் சல்மனெல்லா பற்றீரியா சாதாரணமாக இருக்கும். நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடைசெய்தது. காரணம், சிறுபிள்ளைகள் அவற்றைத் தொட்ட கையை வாயில் வைத்து நோயாளியானதுதான். ஆமை பட்டியலில் இருந்து போயிற்று. சில முகங்கள் வாடின. ஆனால் அழித்தது ஆசிரியை அல்ல, அந்தப் பையனே எழும்பிப் போய் அழித்தான்.

முயல் நல்ல பிராணிதான், குளிர் இடத்துக்கு. அது வியர்க்காது, காதுகளால்தான் சூட்டை வெளிவிடும். முப்பது பாகைக்கு மேல் வெப்பம் போனால் அதற்குக் கஷ்டம். சீற் கூரைக்குக் கீழே பங்குனி சித்திரையில் மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. அத்துடன் முயல் பயந்த சுபாவம் உள்ளது. முப்பது பிள்ளைகள் தூக்க ஆசைப்பட்டால் உதறிக் காலாலடிக்கும், தவறி விழுந்தால் அதன் முதுகெலும்பு முறியலாம்.

கிளி பனைப்பொந்திலிருந்து எடுக்கப்படுவது. கூட்டமாய்ப் பறக்கிற பறவையைத் தனியே அடைத்துவைப்பதை நான் எந்த வகுப்புக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அணிலும் அப்படித்தான். கோழிக்குஞ்சு வளர்ந்து கோழியாகிவிடும், அதன் பிறகு அதன் கதி என்ன என்ற கேள்விக்கு வகுப்பில் யாரிடமும் விடை இல்லை. நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசியும் முழுநேர வீடும் வேண்டும்.

மிஞ்சியது மீன்.

எந்த மீன்? கிணற்றைக் கேட்டார்கள்

மீன்கடையில் போய் அழகானதைக் காட்டி வாங்குவதுதான் வழக்கம். நீலக்கோடு போட்ட நியோன் ரெட்ரா, தட்டுப் போன்ற டிஸ்கஸ் எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை அமேசன் காட்டின் மென்மையான, அதாவது சுண்ணாம்பு குறைந்த, சற்று அமிலத்தன்மையான நீரில் பிறந்தவை. யாழ்ப்பாணத் தண்ணீர் அதற்கு நேரெதிர். இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் பாறைக்குள் தேங்கிய மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்ததே. மேற்பிரிவு ஆய்வுகூடத்திலிருந்து வாங்கிய, நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளைப் பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார்கள். ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில், அதாவது காரப் பக்கமாக, நிறம் காட்டியது.

இந்தத் தண்ணீரை மாற்றப் பாடுபடுவதை விட, இதை விரும்பும் மீனைத் தேடுவது புத்தி. கப்பி அப்படிப்பட்ட மீன். தென்னமெரிக்காவின் வடகரையிலும் திரினிடாட்டிலும் உள்ள ஓடைகளுக்குச் சொந்தமானது. 1866இல் திரினிடாட்டிலிருந்து மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய ரொபேர்ட் ஜோன் லெச்மியர் கப்பி என்பவரின் பெயர்தான் அதற்கு. கடினத் தன்மையான, காரப் பக்கமான நீர் அதற்கு ஒத்துவரும். கொஞ்சம் உவரையும் தாங்கும். இருபத்தைந்து, இருபத்தெட்டுப் பாகையில் சுகமாக இருக்கும், முப்பதைத் தாண்டினாலும் சமாளிக்கும். ஆயுள் ஏறக்குறைய இரண்டு வருடம். ஒரு வகுப்பு பொறுப்பெடுக்கக்கூடிய காலம்.

இன்னொரு காரணமும் இருந்தது. நுளம்புக் குடம்பிகளைக் கப்பி ஆசையாய்த் தின்னும். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. அதே ஆண்டின் கடைசியில், கிணற்றில் பெருகக்கூடிய புதுவகை மலேரியா நுளம்பு ஒன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளில் மீன் விடுவது இங்கே சுகாதாரத் துறையினரின் வழக்கமான வேலைகளில் ஒன்று. தங்கள் வீட்டுக் கிணற்றில் கிடக்கும் "சின்ன மீன்" எது என்று பிள்ளைகளுக்கு அன்றுதான் பெயர் தெரிந்தது.

மீனில்லாத தொட்டி

அறுபது சென்ரிமீற்றர் நீளம், முப்பது அகலம், முப்பது உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 54 லீற்றர். தண்ணீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் அறுபது கிலோவைத் தாண்டும். அதை மாணவர் மேசையில் வைக்கக்கூடாது. பின்மூலையில், பின்னேர வெயில் படாத சுவரோரம், சீமெந்துக் கல்லை அடுக்கி மேலே தடித்த பலகை போட்டார்கள். அரைச்சுவர் வழியாகப் பூனையும் காகமும் வரும் என்பதால் மேலே கம்பிவலை மூடி. கண்ணாடி மூடியை விட வலை நல்லது. தண்ணீர் கொஞ்சம் ஆவியாகிப் போவதால் தொட்டி குளிரும். அப்படிக் குறையும் தண்ணீரைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். அதனால் அந்தக் குறையை மட்டும் மழைத்தண்ணீரால் நிரப்பினார்கள். மாரியில் பிடித்துவைத்த போத்தல்கள் அதற்குப் போதுமாக இருந்தன.

மின்சாரத்தை நம்பவில்லை. 2022இன் மின்வெட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சிறிய எயார் பம்பும் ஸ்பொஞ்ச் பில்ரரும் வைத்தார்கள்தான், ஆனால் அவை நின்றாலும் மீன் பிழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தை அடர்த்தியாக நட்டு, மீனின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்தார்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். இருபது பாகையில் லீற்றருக்கு ஒன்பது மில்லிகிராம் அளவு கரையும் என்றால், முப்பது பாகையில் ஏழரைதான். ஆகவே குளிர்நாட்டுப் புத்தகங்கள் இத்தனை லீற்றருக்கு இத்தனை மீன் என்று சொல்வதை இங்கே அப்படியே எடுக்கக்கூடாது.

அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தொட்டியில் மீனே இல்லை. "தண்ணியை என்னத்துக்கு ரீச்சர் பாக்கிறது?" என்று கேட்டார்கள். ஆசிரியை ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுக விட்டார். அழுகும் பொருளிலிருந்து அமோனியா வரும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அவ்வளவு இல்லை. இந்தப் பற்றீரியாக்கள் ஸ்பொஞ்சிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். ஏற்கனவே மீன் வளர்க்கும் ஒரு தகப்பன் தன் பில்ரரின் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தது பெரிய உதவி. பிள்ளைகள் அந்த வாரங்களில் வெப்பமானி பார்க்கவும், நேரம் குறிக்கவும், தண்ணீர் அளக்கவும் பழகிவிட்டார்கள். காத்திருந்த காலம் வீண்போகவில்லை.

தீனி கூடிய நாள்

முதலில் விட்டது ஆறு ஆண் மீன்கள். பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடக்கூடியது, ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் பல மாதங்களுக்கு அதை வைத்தே தொடர்ந்து குட்டி போடும். ஆகவே ஆண்கள் மட்டும்.

ஆசிரியை செயலமர்வுக்குப் போன ஒருநாள், மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைப் பார்த்து, பசிக்கிறது என்று ஒரு பிள்ளை தீனி போட்டது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. எல்லோரும் இரக்கத்தில்தான் போட்டார்கள். அடுத்தநாட் காலை தண்ணீர் கஞ்சி போலக் கலங்கிக் கிடந்தது. ஐந்து மீன்கள் மேற்பரப்பில் வாயைக் கொண்டுவந்து இழுத்திழுத்து மூச்செடுத்துக்கொண்டிருந்தன. ஒன்று மணலில் சாய்ந்து கிடந்தது.

இந்த இடத்தை ஆசிரியர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நமது தண்ணீரில் தீனி கூடினால் மற்ற ஊர்களை விட ஆபத்து அதிகம். அமோனியாவின் ஒரு பங்குதான் மீனின் செவுளைத் தாக்கும் வடிவில் இருக்கும். இருபத்தைந்து பாகையில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் அது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. பி.எச். 8இல் நூற்றுக்கு ஐந்துக்கு மேல். வெப்பம் ஏற அதுவும் ஏறும். அதே அளவு அழுகிய தீனி, சுண்ணாம்புத் தண்ணீரில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு நஞ்சாகிறது.

பரிகாரம் எளிமையானது. அடியில் கிடந்த தீனியைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றினார்கள். வாளியில் முதல்நாளே அள்ளி வைத்திருந்த கிணற்றுத் தண்ணீர் அதற்கு உதவியது. கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். குழாய்நீர் என்றால் குளோரின் போக மருந்து போட வேண்டும். இரண்டு நாள் தீனி இல்லை. ஐந்து மீன்கள் தப்பின. செத்த மீனை வேம்பின் கீழ் புதைத்தார்கள். தீனி போட்ட பிள்ளைகள் யார் என்று ஆசிரியை விசாரிக்கவே இல்லை, அது எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்குப் பிறகு வெறும் தீப்பெட்டி ஒன்று வந்தது. காலையில் அன்றைக்குரிய தீனியை ஆசிரியை அதற்குள் போடுவார், இரண்டு நிமிடத்தில் தின்று முடியும் அளவு. முறைக்காரப் பிள்ளை போட்டுவிட்டு வெறும் பெட்டியைத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்திருந்தால் சாப்பாடு முடிந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். காய்ந்த செம்புழுத் தீனியை இவர்கள் வாங்குவதில்லை. அதன் தூசு சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், வகுப்பில் இழுப்பு உள்ள பிள்ளை ஒன்றும் இருந்தது.

தாய் மீன்

மீன் குறைந்துவிட்டதென்று கடையில் வாங்கிய இளம் மீன்களில் ஒன்று வளர வளரப் பெண் என்று தெரிந்தது. வால் சிறுத்து, வயிறு பெருத்து, பின்புறம் கறுப்புப் பொட்டு விழுந்தது. ஒருநாட் காலை ஐதரில்லாவுக்குள் கண்ணும் வாலும் மட்டுமான குட்டிகள். முட்டையிடாமல் குட்டி போடும் மீன் உண்டா என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியம் அடங்கும் முன்னரே, ஒரு சிறுமி கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்க, தாய் மீன் ஒரு குட்டியை விழுங்கியது.

"தாயே தின்னுமோ ரீச்சர்?"

இந்தக் கேள்விக்குப் பூசி மெழுகிய பதில் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியையும் சொல்லவில்லை. "ஓம் மகள், தின்னும். அதுக்குத் தன்ர குட்டி எண்டு தெரியாது. அசையிற சின்னச் சாமான் எல்லாம் அதுக்குச் சாப்பாடு. அதாலதான் அது ஒண்டுக்கு ரெண்டாப் போடாமல் இருபது முப்பதாப் போடுது" என்றார். சிறுமி அழவில்லை. அடுத்த பாடவேளைக்குள் ஐதரில்லாவை இன்னும் அடர்த்தியாக்கினால் ஒளிய இடம் கிடைக்கும் என்று அவளே யோசனை சொன்னாள்.

பெருகிய குட்டிகளுக்கு வழி தேட வேண்டியிருந்தது. பாடசாலைச் சீமெந்துத் தொட்டிக்குச் சில போயின. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சரியென்ற கிணறுகளுக்குச் சில. குளம், கோயில் கேணி, தொண்டைமானாற்றுக் கடனீரேரி போன்ற இடங்களில் விடக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். உவரையும் தாங்கும் வெளிநாட்டு மீன் அது, ஒருமுறை பரவினால் உள்ளூர்ச் சிறுமீன்களின் குஞ்சுகளைத் தின்று இடத்தைப் பிடித்துவிடும். தாய் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் இந்தப் பிரச்சினை ஓய்ந்தது.

புகையடிப்பும் லீவும்

மாரி தொடங்கினால் டெங்கும் தொடங்கும், பாடசாலைகளுக்குப் புகையடிக்க வருவார்கள். நுளம்பைக் கொல்லும் அந்த மருந்து மீனையும் கொல்லும். பலர் இதை யோசிப்பதில்லை. அறிவித்தல் வந்தவுடன் ஆசிரியையும் காவலாளி அண்ணையும் தொட்டியைப் பொலித்தீனால் மூடி, மேலே ஈரச் சேலையைச் சுற்றி, எயார் பம்பை நிறுத்தினார்கள். பம்ப் ஓடினால் புகையை இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே ஊதிவிடும். புகை அடங்கி, காற்றோட்டம் வந்து, மேசைகளைத் துடைத்த பிறகே திறந்தார்கள். ஒரு மீனும் சாகவில்லை.

சனி ஞாயிறு தீனி இல்லாமலே போகும், வளர்ந்த கப்பிக்கு அது பெரிய விடயமல்ல. நீண்ட லீவுதான் சிக்கல். ஓகஸ்ட் லீவு நல்லூர்த் திருவிழாவோடு வரும், ஆசிரியைக்கும் வீட்டில் ஆயிரம் வேலை. காவலாளி அண்ணை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு தீப்பெட்டித் தீனி போட்டார். லீவுக்குத் தேவையான அத்தனை பெட்டிகளையும் நிரப்பி, திகதி எழுதி அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பொறுப்பாகச் செய்தார். இப்படி ஒருவர் இல்லாத பாடசாலை மீன்கூட வளர்க்கக்கூடாது என்பேன்.

விளைவு

கை கழுவும் பழக்கம் வேரூன்றியது. தொட்டிக்குள் கைவிடுமுன் வெறும் தண்ணீரால், எடுத்த பிறகு சவர்க்காரத்தால். கையில் காயம் உள்ள பிள்ளை அன்று தொட்டிக்குக் கிட்டப் போவதில்லை. மீன்தொட்டியில் வாழும் ஒருவகைப் பற்றீரியா காயத்தின் வழியே தோலைப் பிடித்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

நான் எதிர்பாராதது நுளம்புக் குடம்பி விடயம். மீனுக்குக் கொண்டுவர வேண்டுமென்று பிள்ளைகள் வீட்டு வளவில் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாம் தேடத் தொடங்கினார்கள். இறுக்கி மூடிய போத்தலில் கொண்டுவந்து, அப்போதே மீனுக்குப் போட வேண்டும் என்பது விதி. கொஞ்சக் காலத்தில், "எங்கட வீட்டில இப்ப ஒண்டும் இல்லை ரீச்சர்" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். டெங்குச் சுவரொட்டிகள் செய்யாததை ஐந்தாறு கப்பிகள் செய்துவிட்டன.

பலவீனமும் உண்டு. எல்லாம் ஒரு ஆசிரியையின் அக்கறையில் தொங்கிக்கொண்டிருந்தது. இடமாற்றம் வந்தால் என்ன செய்வது என்று அதிபரே கேட்டார். அதன் பிறகு பராமரிப்புக் கொப்பி ஒன்று எழுதப்பட்டது. இரண்டாவது பொறுப்பாளராக இன்னொரு ஆசிரியரின் பெயரும் கையொப்பமும் அதில் சேர்ந்தன. பிள்ளைகள் தரம் 5க்குப் போகும்போது தொட்டியைக் கொண்டுபோகக் கேட்டார்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கடியில் தொட்டி மறக்கப்படும் என்று ஆசிரியை விடவில்லை, அது சரியான முடிவு. புதிதாக வந்த தரம் 4க்கு, பழைய பிள்ளைகளே முறைப்படி பழக்கிக் கையளித்தார்கள்.

இப்போது தரம் 3 பிள்ளைகளும் மீன் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தொட்டி கிடைத்துவிட்டது. தண்ணீரும் ஐதரில்லாவும் மட்டும் இருக்கின்றன. ஒரு மாதக் குறிப்பை ஒழுங்காக எழுதி, லீவில் பார்ப்பவரின் பெயரையும் கொடுத்தால்தான் மீன் என்று அதிபர் சொல்லியிருக்கிறார்.